பள்ளிவேட்டைக்குப் போகும்போது மேளம் கிடையாது: எங்கள் ஊர்க் கோவில் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணனுக்கும் செயலாளர், பொருளாளர், கமிட்டி உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

பங்குனித் திருவிழா நோட்டீஸை முக்குக் கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நின்று படித்தேன். நம்பிக்கை வராமல் இரண்டாம் தடவையும் படித்தேன். பத்து நாளும் என்னென்ன உண்டு என்று போட்டிருக்கிறீர்கள். செண்டை அடித்து ஆடுகிற சிங்காரி மேளம் மூன்று நாள், எத்தனை பேர் என்ற கணக்கோடு. ஆர்கெஸ்ட்ரா ஒரு நாள், பட்டிமன்றம் ஒரு நாள், வாணவேடிக்கை, அன்னதானம், மைக்செட் யார், சீரியல் லைட் யார், பந்தல் யார் எல்லாம் இருக்கிறது. ‘மங்கள வாத்தியம்’ என்று நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் ஒரு வரி இருக்குமே, அது மட்டும் இல்லை. 1958 முதல் 1988 வரை அந்த வரியில் என் அப்பா பெயர் இருந்தது. 1989 முதல் 2019 வரை என் பெயர். கொரோனாவுக்குப் பிறகு பெயர் போய்விட்டாலும், கொடியேற்றுக்கும், சுவாமி நீராடப் போகிற ஆறாட்டுக்கும் வெளியூரிலிருந்து ஒரு செட்டைக் கூப்பிட்டு வரியையாவது காப்பாற்றி வந்தீர்கள். இந்த வருஷம் வரியும் போயிற்று.

அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துச் செயலாளரிடம் கேட்டேன். “இல்ல ஆசானே, இந்த வருஷம் எல்லாம் சிங்காரி மேளந்தான். தினப் பூஜைக்குத்தான் மேளம் அடிக்க மிஷின் இருக்குல்லா. அதுக்கு லீவும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம்” என்று சிரித்தார். அவர் கல்யாணத்துக்குக் கெட்டிமேளம் வாசித்தது நான். அதனால் நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

பொதுக்குழுவில் எழுந்து பேசலாமே என்று கேட்பீர்கள். பேச முடியாது. எங்கள் வீடு ஊர் வரி கொடுக்கிற வீடு இல்லை. 62 வருஷம் சுவாமிக்கு முன்னால் நடந்த குடும்பத்துக்குக் கூட்டத்தில் உட்கார நாற்காலி கிடையாது. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். இப்போதைக்கு இந்த மடலைத்தான் எழுத முடிகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை கேட்டு இதை எழுதவில்லை. எனக்கு 64 வயது. மேல்வரிசையில் முன்பல் இரண்டு போய்விட்டது. நாதஸ்வரத்தின் வாயில் செருகுகிற நாணல் சீவாளியைப் பிடிப்பது உதடுதான், ஆனால் உதட்டுக்குப் பின்னால் பல் முட்டுக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் காற்று ஒதுங்கும், மேல்ஸ்தாயியில் சுருதி தள்ளாடும். கட்டுப்பல் வைத்து வாசிக்கிறவர்களும் உண்டு. எனக்கு அது சரிப்படவில்லை. அப்பாவும் இதே காரணத்தால்தான் 1988 ஆறாட்டு முடிந்த அன்றைக்கு வாத்தியத்தை என் கையில் தந்தார். வெற்றிலை போட்ட பல், 51 வயதிலேயே ஆட ஆரம்பித்துவிட்டது.

அப்பா பதினோரு வயதில் தஞ்சாவூர்ப் பக்கம் குருகுலத்துக்குப் போனவர். எட்டு வருஷம் இருந்தார். முதல் மூன்று வருஷம் கையில் நாதஸ்வரமே தரவில்லை, ஒத்துதான். ஒத்து என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சுருதிப்பெட்டி வருவதற்கு முன்னால் அதுதான் சுருதி. பார்வைக்கு நாதஸ்வரம் மாதிரியே இருக்கும், விரல் வைக்கத் துளை கிடையாது, ஒரே ஸ்வரம். அதை நடுவில் மூச்சு விடாமல் ஊதவேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அது வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் இழுக்கவேண்டும். ராத்திரி முழுக்க சுவாமி ஊர்வலம், பையன் ஒத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பான். மூன்று வருஷம் ஒரே ஸ்வரத்தை ஊதியவன் காதில் சுருதி அப்படி உட்கார்ந்துவிடும். பிறகு அவன் கையில் எந்த ராகத்தைக் கொடுத்தாலும் வழி தவறமாட்டான். அப்பா அடிக்கடி சொல்வார், “எனக்கு ஆசான் பாடம் சொல்லித் தந்தது பாதி, தெரு சொல்லித் தந்தது பாதி” என்று.

அவர் ஊர் திரும்பிய வருஷம் 1956. நவம்பர் 1ஆம் தேதி நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. டிசம்பர் 12ஆம் தேதி நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலமானார். ஒரு கையால் வாங்கி மறுகையால் கொடுத்த வருஷம் என்பார் அப்பா. தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டவர் அவர். நாங்கள் கையில் வைத்திருக்கும் இந்த நீளமான பாரி நாதஸ்வரமே பிள்ளைவாள் நரசிங்கம்பேட்டை ஆசாரியை வைத்துச் செய்வித்துப் பரப்பியது. அதற்கு முன்னால் திமிரி, குட்டையாக, சுருதி தூக்கலாக இருக்கும். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பழைய வீடு இடித்தால் கிடைக்கிற ஆச்சா மரத்தைத் தேடிப்பிடித்து அங்கே கடைகிறார்கள். பல வருஷம் காய்ந்த மரம் என்றால்தான் வெடிக்காது. அப்பாவின் வாத்தியம் அங்கே செய்தது. இன்றைக்கும் என் வீட்டில் இருக்கிறது.

நம் கோவிலில் 1958இல் சேர்ந்தபோது மாதம் 15 ரூபாய், கொஞ்சம் நெல், தினமும் நைவேத்தியச் சோறு. அவர் சபாக் கச்சேரி செய்தவர் இல்லை. வருஷத்தில் இரண்டு தடவை திருநெல்வேலி வானொலிக்குப் போய் வருவார், அவ்வளவுதான். அவருக்குச் சபை நம் தெரு. ஆலமூட்டு வளைவில் சுவாமியை இறக்கி வைத்தால் மணிக்கணக்காக ராகம் வாசிப்பார். ஒரு வருஷம் மழைத் தூறல் விழுந்து கரகரப்பிரியாவைப் பாதியில் நிறுத்திவிட்டார். மறுநாள் காலையில் தென்னை ஏறுகிறவர் ஒருவர், அரிவாளும் கையுமாக எங்கள் முற்றத்தில் வந்து நின்று, “வேய், நேத்தைக்கு அதை அந்தரத்துல விட்டுட்டீரே, எனக்கு ஒறக்கமே வரல்ல” என்று சண்டை பிடித்தார். ராகத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. நின்ற இடம் சரியில்லை என்பது தெரிந்தது. இப்படிக் கேட்கிறவர்கள் இருந்த ஊர் இது.

சங்கீதம் இங்கே வெளியிலிருந்து வந்த சரக்கும் இல்லை. நீலகண்ட சிவன் 1839இல் பிறந்தது நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில், வாழ்ந்தது நம் பக்கத்துப் பத்மநாபபுரத்தில். அவருடைய ‘என்றைக்குச் சிவ கிருபை வருமோ’ முகாரியை அப்பா திங்கட்கிழமை தீபாராதனையில் வாசிக்காமல் விட்டதில்லை. நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவது உங்களுக்குத் தெரியும். தெருவோரம் நின்று நீங்களும் கும்பிட்டிருப்பீர்கள். அந்தச் சரஸ்வதிக்கு முன்னால் ஒன்பது நாளும் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் கீர்த்தனை ஒன்பது. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, அப்புறம் சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சரஸ்வதி புறப்பாட்டைக் காட்டியபோது அப்பா இதைத்தான் விரல் விட்டுச் சொல்லித் தந்தார். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருமுன் இந்த வரிசை மனப்பாடம்.

எதற்காக இதைச் சொல்கிறேன் என்றால், கோவிலில் மேளம் என்பது சத்தம் இல்லை என்பதற்காக. நீங்கள் சத்தம் என்று நினைத்துத்தான் மிஷினை வைத்தீர்கள்.

காலையில் நடை திறக்கும்போது பூபாளம் அல்லது பௌளி. உஷபூஜை கழிந்து வெயில் ஏறினால் பிலஹரி. மத்தியானம் உச்சபூஜைக்கு மத்யமாவதி. சாயங்காலம் விளக்கு வைத்தபிறகு பூர்விகல்யாணி, கல்யாணி. ராத்திரி அத்தாழ பூஜை முடிந்து நடை சாத்தும்போது நீலாம்பரி. அடுக்களையில் நிற்கிற அம்மாமாருக்கு மணி பார்க்க வேண்டியதே இல்லை. திருவிழாவில் சுவாமி வெளியே வரும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி. அதற்குப் பாட்டு கிடையாது, வெறும் ஸ்வரக்கோவை, மூன்று காலத்தில் வாசிக்கவேண்டும். அதிலும் தீர்த்தம் வரும்போது ஒன்று, தளிகை வரும்போது ஒன்று, தேருக்கு ஒன்று என்று வகை உண்டு. வடக்குத் தெருவில் படுக்கையில் கிடக்கிற கிழவி, எழுந்து வர முடியாதவள், மல்லாரியைக் கேட்டே சுவாமி இப்போது கொடிமரத்தடிக்கு வந்துவிட்டார் என்று கையெடுத்துக் கும்பிடுவாள்.

உங்கள் மிஷினை நான் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு மோட்டார், ஒரு கம்பி, கம்பியில் நாலைந்து கோல். இரண்டு பறை, ஒரு சேகண்டி, இரண்டு மணி. சுவிட்சைப் போட்டால் ஒரே அடி. நடை திறக்கும்போதும் அதே அடி, நைவேத்தியத்துக்கு நடை அடைத்திருக்கும்போதும் அதே அடி, சுவாமி உறங்கப் போகும்போதும் அதே அடி. உபயம் என்று கொடுத்தவர் பெயரை அதன் நெற்றியில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறீர்கள். கொடுத்தவர் நல்ல மனசோடுதான் கொடுத்தார், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் போன ஐப்பசியில் இடி மழையன்று தீபாராதனை நடுவில் கரண்ட் போனதே, நீங்கள் எத்தனை பேர் இருந்தீர்கள்? நான் இருந்தேன். அடி டக்கென்று நின்றது. பூஜை செய்கிற போற்றி கையில் அடுக்குத்தீபம் எரிகிறது. அவர் மணியைக் கிலுக்கிக்கொண்டே, நான் 31 வருஷம் நின்ற அந்தத் தூணைத் திரும்பிப் பார்த்தார். நான் அங்கே இல்லை, கும்பிட வந்தவர்கள் கூட்டத்தில் நின்றிருந்தேன். எனக்குக் கை ஓடவில்லை.

மிஷின் வந்த கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ‘தற்காலிகம்’ என்று வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. கோவில் அடைத்தீர்கள், போற்றி மட்டும் உள்ளே போய் விளக்கு வைத்தார். என் சம்பளம் மார்ச்சோடு நின்றது. அதை அப்போது நான் கேட்கவில்லை, ஊரே முடங்கிக் கிடந்தது. கல்யாணத்துக்கு 50 பேர் என்றார்கள். அந்த 50இல் மேளக்காரன் நாலு பேருக்கு எவன் இடம் தருவான்? செப்டம்பரில் கோவில் திறந்தபோது, கூட்டம் கூடக் கூடாது, ஆசான் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும், அதுவரை மிஷின் என்றீர்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. வேண்டாம் என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. கூப்பிடவும் இல்லை. 31 வருஷத்துக்கு ஒரு வேட்டி, துண்டு போர்த்தி அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று சில நாள் தோன்றும். சரி, அது என் சொந்தச் சங்கடம்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். நான் லீவு எடுத்தது உண்மை. தை, ஆவணி முகூர்த்தங்களில் மாதத்தில் நாலைந்து நாள் கல்யாண வீட்டுக்குப் போய்விடுவேன், தெரிந்த பையன் ஒருத்தனை அனுப்புவேன், அவன் சில நாள் பிந்தி வருவான். 2019இல் நீங்கள் எனக்குத் தந்தது மாதம் 2,500 ரூபாய். தவில்காரருக்கு 2,000. அதை வைத்து ஒரு குடும்பம் ஓடாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முகூர்த்தத்துக்குப் போனால்தான் கோவிலுக்கு வாசிக்க முடியும் என்ற நிலை. சீவாளி மட்டும் என்ன செலவு! நாணலை வேகவைத்து, அமுக்கி, கெண்டையில் நூல் கட்டித் திருவாவடுதுறைப் பக்கத்திலிருந்து வருகிறது. நமக்கு வைகாசிப் பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசியில் துலாமழையும் உண்டு. ஈரம் ஏறினால் சீவாளி ஊதிப்போய் வாயைத் திறந்துகொள்ளும். ஒரு கட்டு வாங்கினால் நாலு தேறும்.

போன வருஷக் கணக்கைக் கோவில் சுவரில் ஒட்டியிருந்தீர்கள், நானும் படித்தேன். ஒரு ராத்திரி சிங்காரி மேளத்துக்குக் கொடுத்த பணம் 85,000. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து 2019இல் வருஷம் முழுக்க, 365 நாளும் காலை மாலைக்குக் கொடுத்தது 54,000. பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

செண்டைக்காரர்களோடு எனக்கு வழக்கு இல்லை. அவர்களும் வெயிலில் நின்று தோள் புண்ணாக அடிக்கிற கலைஞர்கள்தான். செண்டை நமக்குப் புதுசும் இல்லை, திருவிதாங்கூர்க் காலத்திலிருந்து நம் கோவில்களில் சுவாமி கோவிலைச் சுற்றி வருகிற சீவேலிக்கு அடிப்பதுண்டு. அது வேறு, இந்த ஆட்டம் போடுகிற சிங்காரி மேளம் வேறு. அதுவும் இருக்கட்டும், இளவட்டங்கள் ஆடட்டும், திருவிழா என்றால் ஆட்டம் வேண்டாமா? எனக்குப் பொறுக்காதது போன வருஷம் ஒன்பதாம் திருவிழா ராத்திரி நடந்தது.

பள்ளிவேட்டைக்குச் சுவாமி போகும்போது மேளம் கிடையாது. வேட்டைக்குப் போகிறவர் சத்தம் போட்டுக்கொண்டா போவார்? நம் கோவிலில் என் அப்பா காலத்திலும் அதற்கு முன்னாலும் அதுதான் வழக்கம். தீவட்டி வெளிச்சம் மட்டும். ஆயிரம் பேர் நடந்தாலும் காலடிச் சத்தம்தான் கேட்கும். கைக்குழந்தை அழுதால்கூடத் தாய்மார் வாயைப் பொத்துவார்கள். வேட்டை முடிந்து அம்பு விட்டபிறகுதான் தவில் விழும், நாதஸ்வரம் எழும்பும். அதுவரை நாங்கள் சீவாளியை நாக்கில் நனைத்துக்கொண்டு சும்மா நடப்போம். சும்மா நடப்பதும் எங்கள் வேலை. 1977இல் எனக்கு 15 வயது. வேட்டை முடிந்ததும் அப்பா ஒன்றும் சொல்லாமல் தன் வாத்தியத்தை என்னிடம் நீட்டினார். அந்த அமைதிக்குப் பிறகு எழும்பிய முதல் ஸ்வரம் என்னுடையது. கால் நடுங்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. நான் கலைஞன் ஆனது அந்த நிமிஷத்தில்தான்.

போன வருஷம், நீங்கள் கூட்டிவந்த குழு கோவில் வாசலிலிருந்து வேட்டைக்களம் வரைக்கும் அடித்துக்கொண்டே போனது. பாவம், அவர்களுக்கு என்ன தெரியும், யாராவது சொல்லித் தந்தால்தானே. முன்னால் போன நீங்களும் சொல்லவில்லை. ஒரு வேளை உங்களில் இளையவர்களுக்கு அது தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. எப்போது வாசிக்க வேண்டும் என்று தெரிந்தவனை விலக்கினால், எப்போது வாசிக்கக் கூடாது என்பதும் அவனோடு போய்விடும். பெரியவர் ஒருவர் மட்டும் என் காதில், “ஒன்பதாந் திருவிழா இன்னைக்குத்தானா, நாளைக்கா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

மறுநாள் ஆர்கெஸ்ட்ரா. ‘நலந்தானா’ பாடினார்கள், நீங்கள் எல்லோரும் ஒன்ஸ்மோர் கேட்டீர்கள். 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்கு அதை அமைத்த கே. வி. மகாதேவன் பிறந்தது நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலில், நம் ஊர்க்காரர். படத்தில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நம் மேடையில் அந்த நாதஸ்வரத்தை வாசித்தது ஒரு கீபோர்டு. நாதஸ்வரச் சத்தம் வேண்டியிருக்கிறது, கைதட்டவும் தோன்றுகிறது. நாதஸ்வரக்காரன் மட்டும் மேடைக்குக் கீழே கடலை கொறித்துக்கொண்டு நிற்கிறான். சிரிப்புத்தான் வந்தது.

பழமை, மரபு என்று பிடிவாதம் பிடிக்கிறவன் இல்லை நான். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடக்கூடாது என்றுதான் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 2006இல் பாறசாலை பொன்னம்மாள் அங்கே உட்கார்ந்து பாடினார், அப்போது அவருக்கு வயது 80 தாண்டிவிட்டது. பாறசாலை நமக்குக் களியக்காவிளை தாண்டினால் வந்துவிடும். சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண், பிறகு திருப்பூணித்துறை இசைக்கல்லூரிக்கு முதல்வர், 2017இல் பத்மஸ்ரீ. இவ்வளவு பெரிய வாழ்க்கையில் அந்த மண்டபக் கதவு மட்டும் கடைசியில்தான் திறந்தது. திறந்தார்களே, அதுதான் விஷயம். என் பேத்தி இப்போது சரளி வரிசை ஊதுகிறாள். மதுரை பொன்னுத்தாய் வாசிக்காத வாத்தியமா? வழக்கத்தை மாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் செய்தது மாற்றம் இல்லை, அணைத்துவிட்டு ஒரு சுவிட்சைப் போட்டது.

என்னோடு 22 வருஷம் தவில் வாசித்தவர் இப்போது குலசேகரம் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டப் போகிறார். விடியற்காலை நாலு மணிக்கு, முன்பு அவர் தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடக்கிறார். விரலுக்குக் கூடு போட்டு வலந்தலையில் விளையாடிய கை. போன மாதம் பார்த்தபோது வீட்டில் தவிலுக்கு உறை போட்டுப் பரணில் ஏற்றியிருந்தார். பலாக்கட்டைக்குள் பூச்சி விழுந்திருக்குமோ என்று கேட்டேன். “விழட்டும் அண்ணே, எனக்கு அது கேக்காது” என்றார்.

என் அண்ணன் மகன் தினமும் ரயிலில் திருநெல்வேலிக்குப் போய் அங்குள்ள அரசு இசைப்பள்ளியில் மூன்று வருஷம் நாதஸ்வரம் படித்து முடித்தான். இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு செல்போன் கடையில் நிற்கிறான். கல்யாண சீசனில் மட்டும் வாசிக்கிறான், அங்கேயும் அரை மணி நேரம், அதுவும் சினிமாப் பாட்டு. அவனுக்கு ஞானம் இருக்கிறது. தினமும் இரண்டு வேளை நின்று வாசிக்க ஒரு தூண்தான் இல்லை. என் அப்பாவுக்கும் எனக்கும் இந்தக் கோவில் தந்தது அந்தச் சம்பளம் இல்லை, அந்தத் தூண். ஒரு ராகத்தை இன்று சரியாக வாசிக்க முடியாவிட்டால் நாளை மறுபடி வாசித்துப் பார்க்க ஓர் இடம். சபா அதைத் தராது, கல்யாண மண்டபம் தராது.

ஆகவே நான் கேட்பது இதுதான்.

மிஷினைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, உபயம் செய்தவர் மனசு நோக வேண்டாம். உச்சபூஜைக்கு மட்டும் ஓடட்டும். நடை திறப்புக்கும், சாயங்காலத் தீபாராதனைக்கும், அத்தாழ பூஜைக்கும் சுவிட்சைப் போடாதீர்கள். அந்த மூன்று நேரத்துக்கு ஒரு நாதஸ்வரம், ஒரு தவில் வையுங்கள். முறைப்படி படித்த பையன்களோ பெண்பிள்ளைகளோ நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இருக்கட்டும், என் அண்ணன் மகனைத்தான் வைக்க வேண்டும் என்றும் இல்லை. சம்பளத்தைத் தாளில் எழுதிக் கொடுங்கள், ஆளுக்கு மாதம் 10,000க்குக் குறையாமல். முகூர்த்தத்துக்கு மாதம் நாலு நாள் லீவு, பதிலுக்கு ஆள் விடுகிற பொறுப்பு அவர்களுடையது, அதையும் எழுதிவிடுங்கள். பிறகு லீவு என்று யாரும் சிரிக்க வேண்டியிருக்காது.

திருவிழாவில் பத்து நாளும் சுவாமிக்கு நேர் முன்னால் நாதஸ்வரமும் தவிலும்தான் போக வேண்டும். மல்லாரி முடிகிற வரை மற்ற மேளம் தொடக்கூடாது. சிங்காரி மேளம் ஊர்வலத்தின் முன்கோடியில், ஒன்றை ஒன்று முழுங்காத தூரத்தில் போகட்டும். பள்ளிவேட்டைக்குப் போகும்போது எந்த மேளமும் கிடையாது என்பதை ஒப்பந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தேவைப்பட்டால் அன்றைக்கு நான் முன்னால் நடந்து கைகாட்டுகிறேன்.

வடக்குப் பக்கத்து ஊட்டுப்புரை, அந்தப் பழைய சாப்பாட்டுக் கூடம், பூட்டித்தான் கிடக்கிறது. பழைய குடையும் உடைந்த வாகனமும் தவிர அதில் ஒன்றும் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாள் அதன் சாவியைத் தாருங்கள். எந்த வீட்டுப் பிள்ளையானாலும், வரி கொடுக்கிற வீடு, கொடுக்காத வீடு என்று பார்க்காமல், நான் சொல்லித் தருகிறேன். ஊதத்தான் பல் இல்லை, சொல்லித் தர வாய் இருக்கிறது. ஒரு பைசா வேண்டாம்.

2020 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதச் சம்பளம் எனக்கு இல்லாவிட்டாலும் தவில்காரருக்குக் கொடுத்துவிடுங்கள். 10,000 ரூபாய். அவர் ஒருநாளும் வந்து கேட்கமாட்டார்.

கொடியேற்றுக்கு இன்னும் 23 நாள் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் கமிட்டிக் கூட்டம் என்று கேள்விப்பட்டேன். அதில் இதை வாசித்து முடிவு செய்து, எழுத்தில் எனக்கு ஒரு பதில் தாருங்கள். நோட்டீஸை மறுபடியும் அச்சடிக்க வேண்டியதில்லை. ‘மங்கள வாத்தியம்’ என்று ஒரு துண்டுத் தாள் அடித்தால் போதும், முக்குக் கடையிலிருந்து தொடங்கி எல்லாச் சுவரிலும் நானே வந்து ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
1989 முதல் 31 வருஷம் உங்கள் கோவிலில் வாசித்த நாதஸ்வரக்காரன்